தலையில் கோடு போட்ட ஒன்று

நான் முதுகலை படித்த கடைசி வருடத்தில், வாரம் இரண்டு மதியம் என்னைப் பூட்டி வைத்திருந்தார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமான கதவு, நிஜமான பூட்டு, ஒரு சாண் நீளத்துக்கு ஒரு சாவி. பன்னிரண்டரைக்கு உள்ளே போனால் நாலு மணிக்குத்தான் வெளியே விடுவார்கள்.

எங்கள் கல்லூரி காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் பின்பாதியில் நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் வெள்ளிச் சாமான் வைத்துப் பூட்டிய அறைதான் எங்கள் கம்ப்யூட்டர் அறை. ஜன்னல் கிடையாது. தூசி வராது, வெயில் வராது, ஏசியின் குளிர் வெளியே போகாது என்று கணக்குப் பண்ணி அந்த அறையைப் பிடித்திருந்தார்கள். ஆள் உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் பண்ணவில்லை. துறைக்கே அது ஒரு கம்ப்யூட்டர்தான். முந்தின வருடம் யாரோ ஒரு புண்ணியவான் மவுஸின் வயிற்றைத் திறந்து உள்ளே இருந்த ரப்பர் உருண்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு அட்டெண்டர் என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அவருக்கோ மதியத்தில் தபாலாபீஸ், பேங்க், பிரின்சிபால் வீட்டுக் காஸ் சிலிண்டர் என்று ஊர் சுற்றுகிற வேலை. ஆகவே எங்களை உள்ளே விட்டு வெளியே பூட்டினார்.

“கோவிச்சுக்கிறாதீக தாயி. தொறந்து போட்டுட்டு நான் அங்குட்டுப் போனா, திரும்பி வரையில டிவிப் பொட்டியே இருக்காது,” என்பார். நல்ல மனிதர். நாலு மணி என்றால் நாலு மணிக்குத் திறந்துவிடுவார்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். நான் அமராவதிபுதூரில் இருந்து பஸ்ஸில் வருவேன். என் அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வேதக்காரக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை பூசை, மற்ற நாளெல்லாம் பரீட்சைப் பேப்பர் என்று ஓடுகிற வீடு. என்னோடு சேர்ந்து புராஜெக்ட் செய்தவள் நாச்சியாபுரத்துக்காரி. அவள் வீட்டில் வயல், டிராக்டர், இரண்டு அண்ணன்மார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தாள், கீயைப் பார்க்காமலே அடிப்பாள். செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் இருவரும் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டோம். பூட்டிய அறைக்குள் மூன்றரை மணி நேரம் என்றால் பெண் பிள்ளைகள் முதலில் யோசிப்பது அதைத்தான்.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரை சார் என்றே சொல்லிவிடுகிறேன். அவர் ராமநாதபுரத்துக் கடலோரத்தில், உப்புத் தண்ணீர்க் கிணறு உள்ள ஊரில் பிறந்தவர். அதனாலோ என்னவோ அவருக்கு எல்லா ஆராய்ச்சியும் உப்பில்தான் போய் முடியும். அவரோடு படித்த ஒருவர் வெளிநாட்டில் ஒரு ஆய்வகத்தில் இருந்தார். தீபாவளி முடிந்து அவரிடமிருந்து ஒரு ஃபிளாப்பி வந்தது. ஈஸ்டை, அதுதான் மாவு புளிக்க வைக்கிற அந்தச் சின்ன உயிரை, அவர்கள் நல்ல தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் தனித்தனியாக வளர்த்திருக்கிறார்கள். ஒரு உயிருக்குள் எத்தனையோ மரபணுக்கள் இருந்தாலும் எல்லாம் எல்லா நேரமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. எது எவ்வளவு வேலை செய்கிறது என்று கண்ணாடித் தகட்டில் புள்ளிகளாக ஒளிரவைத்து அளக்க அப்போதுதான் வழி கண்டுபிடித்திருந்தார்கள். வெளிச்சம் கூடினால் வேலை கூடியிருக்கிறது என்று அர்த்தம். ஃபிளாப்பியில் அறுநூறு மரபணுக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்: உப்பில் எவ்வளவு வெளிச்சம், நல்ல தண்ணீரில் எவ்வளவு வெளிச்சம்.

அதற்கு முந்தின வருடங்களில் இப்படி எண்கள் வந்தால் சார் சென்னைக்கு யாருக்கோ அனுப்புவார். அங்கிருந்து முடிந்த அட்டவணையாகத் திரும்பி வரும். மாணவர்கள் அதை ஒட்டி, பைண்டு பண்ணி, பட்டம் வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் வருடத்தில் சாருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“இந்தத் தடவை நீங்களே போடுங்க. அடுத்தவன் போட்ட கணக்க அட்டை போட்டுக் குடுக்கறது ஆராய்ச்சி இல்லம்மா. கடைசிப் பக்கத்துல என்ன கத்துக்கிட்டீங்கன்னு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதணும். அதையும் நீங்களேதான் எழுதணும்,” என்றார்.

கம்ப்யூட்டர் கணக்குப் போடும் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் கணக்கை அதைப் போட வைப்பது எப்படி என்றுதான் தெரியாது. சொல்லித்தர ஆளில்லை, சாருக்கும் தெரியாது. கட்டம் கட்டமாகத் திரை வரும், அதில் எண்ணை அடிக்கலாம், அடித்த எண்ணைப் படமாக வரையச் சொல்லலாம். அது மட்டும் தெரியும். அதற்கும் வாரத்தில் ஏழு மணி நேரம்தான் கிடைக்கும், அதிலும் கரண்ட் போனால் போனதுதான். நான் ஒரு வழி சொன்னேன். எண்களைப் பேப்பரில் அச்சடித்துக்கொள்வோம், கணக்கை நான் வீட்டில் லாகரிதம் புத்தகத்தை வைத்துக் கையால் போட்டு வருகிறேன், விடையை நீ அடித்துவிடு. பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

கணக்கு இதுதான். உப்பில் இருந்த வெளிச்சத்தை நல்ல தண்ணீரில் இருந்ததால் வகுக்க வேண்டும், அதற்கு லாக் எடுக்க வேண்டும். விடை பூஜ்யத்துக்கு மேலே வந்தால் உப்பு பட்டதும் அந்த மரபணு எழும்பியிருக்கிறது, கீழே வந்தால் அடங்கியிருக்கிறது. வகுப்பதற்குப் பதிலாக இரண்டுக்கும் லாக் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிடலாம். அப்பா எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் அவர் மகள். துளை போட்ட நீளக் காகிதம் வீட்டுக் கூடத்தில் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். அம்மா கிறிஸ்மஸுக்கு முறுக்குச் சுட மாவு பிசைந்துகொண்டே, “இந்தப் பேப்பர எப்பத்தான் சுருட்டுவ?” என்று கேட்பாள். நாற்பது நாளில் அறுநூறையும் முடித்தேன்.

முடித்ததை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்த முதல் செவ்வாய்க்கிழமை, நாச்சியாபுரத்துக்காரி நாலைந்து எண்ணை அடித்துவிட்டு நிறுத்தினாள்.

“ஏடி, இந்த ஒண்ணுக்குத் தலையில கோடு போட்டிருக்கியே. இத எப்படி அடிக்க? கீ போர்டுல இல்லையே.”

நான் அடுத்த பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நிமிரக்கூட இல்லை.

“மைனஸ்தான். முன்னாடி ஒரு மைனஸ் போடு.”

அவள் போட்டாள்.

பொங்கல் முடிந்து படம் வரைந்தோம். அறுநூறு புள்ளிகள். திரையில் அது வந்தபோது இருவரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டோம். எழும்பிய மரபணுக்கள் பூஜ்யத்துக்கு மேலே ஒரு கூட்டமாக இருந்தன. அடங்கிய மரபணுக்கள் வெகு கீழே, மைனஸ் ஒன்றுக்கும் மைனஸ் இரண்டுக்கும் இடையில் ஒரு கூட்டமாக இருந்தன. நடுவே, பூஜ்யத்திலிருந்து மைனஸ் ஒன்று வரைக்கும் ஒரு புள்ளி கூடக் கிடையாது. கூட்டிப் பெருக்கி வைத்த வாசல் மாதிரி வெறுமையாக இருந்தது.

சாருக்குக் காட்டினோம். பேப்பரைக் கையில் வாங்கியவர் உட்காரவே இல்லை.

“நடுவுல ஒண்ணுமே இல்ல, பாத்தீங்களா? கொஞ்சம் கொஞ்சமா அடங்கல. அடங்குனா ஒரேயடியா அடங்குது. இல்லாட்டி அடங்கவே இல்ல,” என்றார். மறுபடி படத்தைப் பார்த்துவிட்டு, “இத யாரும் சொன்னதில்லம்மா,” என்றார். இருபது வருடமாக உப்பையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அந்த வாரமே அந்த வெற்றிடத்தைப் பற்றி ஒரு சுருக்கம் எழுதி ஹைதராபாத்தில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்குக்கு அனுப்பிவிட்டார். எங்கள் இருவர் பெயரும் அதில் இருந்தது. துறைக்கு யார் வந்தாலும் மேசை டிராயரைத் திறந்து படத்தைக் காட்டுவார்.

எனக்கு அந்த வெற்றிடம் வேறு விதத்தில் வேண்டியிருந்தது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. அப்பாவோடு வேலை பார்த்தவர் மகன், தேவகோட்டையில் சர்க்கார் உத்தியோகம். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதர், அதுதான் எனக்குக் கஷ்டம். குறை இருந்தால் சொல்லித் தப்பிக்கலாம். வேண்டாம் என்பதற்கு வேண்டாம் என்பதைத் தவிர என்னிடம் காரணம் இல்லை. அதை எங்கள் வீட்டில் காரணமாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் அழுது, அம்மா அழுது, கடைசியில் அப்பா ஒரு வழிக்கு வந்தார்.

“பெங்களூர்ல ஆராய்ச்சிக்கு இடம் கெடைச்சா போ. நான் குறுக்க நிக்கல. கெடைக்கலைன்னா ஈஸ்டர் முடிஞ்சதும் கோவில்ல கல்யாண ஓலை வாசிச்சிருவோம்.”

பெங்களூரில் இடம் கிடைப்பது சாரின் கடிதத்தைப் பொறுத்தது. வழிகாட்டியின் கடிதம் பலமாக இருந்தால் கூப்பிடுவார்கள். “இந்தப் படத்த வச்சு எழுதறேன். ஒங்களக் கூப்பிடாம யாரக் கூப்பிடுவாங்க?” என்று சாரே சொல்லியிருந்தார். மார்ச் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். அந்த வெற்று இடம்தான் என் கதவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் நாச்சியாபுரத்துக்காரி குலசாமி கும்பிடக் குடும்பத்தோடு போய்விட்டாள். அந்த வெள்ளிக்கிழமை நான் தனியாக உள்ளே போனேன். அட்டெண்டர் பூட்டிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. சும்மா இருக்கிற கை என்ன செய்யும், மெனுவை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். உதவி என்று ஒரு பகுதி. அதற்குள் போய்ப் போய், லாக் என்று எழுதினால் கம்ப்யூட்டரே லாக் போட்டுவிடும் என்று கண்டுபிடித்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது நாள் முதுகை ஒடித்ததை இது ஒரு தட்டில் செய்யும். சரி, என்னளவுக்கு இதற்கு வருகிறதா பார்ப்போம் என்று முதல் பக்கத்திலிருந்து ஒரு மரபணுவை எடுத்தேன். உப்பில் நானூறு, நல்ல தண்ணீரில் எண்ணூறு. பாதியாகியிருக்கிறது. அடித்தேன்.

மைனஸ் பூஜ்யம் புள்ளி மூன்று என்று வந்தது.

எங்கள் அட்டவணையில் அதே மரபணுவுக்கு நேரே மைனஸ் ஒன்று புள்ளி ஏழு என்று இருந்தது.

கம்ப்யூட்டர்தான் தப்பு என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இன்னொரு முறை அடித்தேன். வேறொரு மரபணுவை எடுத்து அடித்தேன். பிறகு பைக்குள்ளிருந்து என் கையெழுத்துப் பேப்பரை எடுத்தேன். அதில் ஒன்றின் தலையில் கோடு இருந்தது.

பள்ளிக்கூடத்தில் லாக் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும், மற்றவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். சின்ன எண்ணின் லாகிலிருந்து பெரிய எண்ணின் லாகைக் கழிக்கும்போது, புள்ளிக்குப் பின்னால் வருவதைக் கூட்டலாகவே வைத்துக்கொண்டு, முன்னால் உள்ள ஒன்றை மட்டும் கழித்தல் என்று காட்ட அதன் தலையில் கோடு போடுவோம். மைனஸ் ஒன்று, அதோடு புள்ளி ஏழைக் கூட்ட வேண்டும். கூட்டினால் மைனஸ் புள்ளி மூன்று. முன்னால் மைனஸ் போட்டால் கழித்தல் மொத்தத்துக்கும் ஆகிவிடும். நாங்கள் போட்டிருந்தது அதைத்தான். அறுநூறில் பூஜ்யத்துக்குக் கீழே வந்த அத்தனைக்கும்.

அந்த வெற்றிடம் ஈஸ்டின் குணம் இல்லை. என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை. இன்னும் மோசமானது அடுத்துத்தான் தெரிந்தது. உப்பு பட்டு நிஜமாகவே பத்தில் ஒரு பங்காக அடங்கிப்போன மரபணு எங்கள் பட்டியலில் கடைசியில் கிடந்தது. உப்பு பட்டும் அனேகமாக ஒன்றுமே ஆகாத மரபணுக்கள்தான் அடியோடு அடங்கியவை என்று தலைமேல் உட்கார்ந்திருந்தன. சார் அவற்றின் பெயரைத்தான் ஹைதராபாத்துக்கு எழுதியிருந்தார்.

மணி ஒன்றே முக்கால். நாலு மணிவரை கதவு திறக்காது. எழுந்து போய்க் கதவில் கையை வைத்தேன், தட்டவில்லை. தட்டி யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வது? வாய் வறண்டிருந்தது, காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மரபணுவாக அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதாவது ஒன்றாவது அந்த மைனஸ் ஒன்றுக்குக் கீழே நிஜமாகவே விழாதா என்று பார்த்தேன். ஒன்றுகூட விழவில்லை. எல்லாம் அந்த வெறும் வாசலில் வந்து நிறைந்துகொண்டே போயின. எனக்கு ஏசியிலும் வேர்த்தது. நாலு மணிக்கு அட்டெண்டர் திறந்து, “என்ன தாயி, காச்சலா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை நாச்சியாபுரத்துக்காரியிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, அதற்கு முன்னால் ஒன்று கேட்டாள்.

“நான் கேட்டேன்ல, எப்படி அடிக்கன்னு?”

“கேட்ட.”

“நீ நிமிந்துகூடப் பாக்கல.”

கேன்டீன் பெஞ்சில் அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அவள் தணிந்த குரலில், “இந்தா, எனக்குப் பட்டம் போதும், எங்க வீட்டுல அதுக்கு மேல அனுப்ப மாட்டாக. ஒனக்குத்தான் லெட்டரு வேணும். மார்ச் தாண்டட்டும். நீ பெங்களூரு போ. போயிட்டு அங்க இருந்து சாருக்குக் கடுதாசி எழுது,” என்றாள். என் நன்மைக்குத்தான் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு தோழி இலை எடுத்துக் கொடுக்கிறாள் என்று தெரிந்தும், அந்த இரண்டு நாளும் நான் அந்த இலையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வாரம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வந்தது. எல்லோரும் கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்ததும், பள்ளிக்கூடம் போகக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் என் பேப்பரையும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒன்றும் விளக்கவில்லை. கணக்கு வாத்தியாருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“தலையில போட்ட கோட்ட மைனஸாக்கி வச்சிருக்கீக,” என்றார். மற்ற நாளாக இருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட இதைச் செய்யாது என்று ஒரு மணி நேரம் பேசியிருப்பார். அன்றைக்கு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒங்க சாருக்குத் தெரியுமா?”

“இல்ல.”

“சொல்லிரணும் பாப்பா.”

“சொன்னா பெங்களூரு இல்லப்பா.”

“அதுக்காகத் தப்புக் கணக்கத் தூக்கிட்டுப் போவியா?”

அவர் சொன்னது சரிதான். வாழ்க்கையில் ஒரு மதிப்பெண்ணைக்கூட யாருக்கும் கூட்டிப் போடாத மனிதர், வேறு எதைச் சொல்வார்? ஆனால் அந்தச் சரி அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல விழுந்ததே, அதை என்னால் தாங்க முடியவில்லை. நான் நேர்மையாக நடந்தால் அவர் இஷ்டப்படி கல்யாணம் நடக்கும். அவர் நேர்மைக்காகச் சொல்கிறாரா, மாப்பிள்ளைக்காகச் சொல்கிறாரா என்று பிரித்தெடுக்க எந்த லாக் புத்தகத்திலும் வழி கிடையாது. அவருக்கே தெரிந்திருக்காது என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம், அவர் தப்பாக ஒன்று சொல்லியிருந்தால் வந்திருக்காது.

“ஒங்களுக்கு வசதியாத்தான் போச்சு. சொல்லச் சொல்லுறீக,” என்றேன்.

அவர் சாம்பல் நெற்றியோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மறுநாள் சாரிடம் போனேன். அப்பா சொன்னதற்காகப் போகவில்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டு போனேன். சார் கேட்டுவிட்டு என் லாக் புத்தகத்தை வாங்கி, தானே ஒரு கணக்கைப் போட்டார். இரண்டாவதாக ஒன்றைப் போட்டார். மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, டிராயரைத் திறந்து அந்தப் படத்தை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

“நான் பாத்திருக்கணும்,” என்றார். “இவ்வளவு சுத்தமா ஒரு எடம் காலியா இருந்தா, அது ஈஸ்ட் பண்ணின வேலையா இருக்காதுன்னு எனக்குத் தோணியிருக்கணும். ஆசைல பாக்கல.”

என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் அழுதாவது இருப்பேன். ஹைதராபாத்துக்கு அன்றைக்கே தந்தி கொடுத்துச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். முதலிலிருந்து போடுங்கள், கம்ப்யூட்டரே போடட்டும் என்றார். நான் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றதைப் பார்த்துவிட்டு அவரே அந்தப் பேச்சை எடுத்தார்.

“பெங்களூருக்கு எழுதறேம்மா. எழுதாம இருக்க மாட்டேன். ஆனா எத வச்சு எழுத?”

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்களை மறுபடி பூட்டினார்கள். முதல் கட்டத்தில் நான் வழியை அடித்தேன், நாச்சியாபுரத்துக்காரி மவுஸால் அதன் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அறுநூறும் இறங்கின. அவ்வளவுதான், ஒரு மூச்சு. எனக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும்போல இருந்தது. புதுப் படம் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சரிவாக இறங்குகிற ஒரு மண்மேடு மாதிரி இருந்தது. முக்கால்வாசி மரபணுக்கள் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தன. உப்பு வந்தால் சிலது எழும்பும், சிலது அடங்கும், பெரும்பாலானவை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும். அது எல்லோருக்கும் முன்பே தெரிந்த செய்தி.

வைவா நடந்தது. இருவரும் பாஸ். என்ன கற்றோம் என்ற கடைசிப் பக்கத்தில் அவள், சந்தேகம் வந்தால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்க்கும்வரை கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். சார் அதை அடித்துத் திருத்தவில்லை. நான் என் பக்கத்தில், தப்பு எப்படி வந்தது, எப்படித் தெரிந்தது என்று வரிசையாக எழுதினேன், கேட்டபடி முழுதாக ஒரு பக்கம். தப்பைச் சொன்னதற்கு எனக்கு என்ன ஆனது என்று அதில் எழுத இடமில்லை.

சார் பெங்களூருக்கு எழுதிய கடிதத்தில் நான் ஒழுங்கானவள், கடினமாக உழைப்பவள், வருகை நன்று என்று இருந்தது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அப்படிப்பட்ட கடிதத்துக்கு என்ன பதில் வருமோ அதுவே வந்தது. கவரைப் பிரித்து அப்பாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் அவரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்தும் எனக்கு இரக்கம் வரவில்லை.

ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிறு முதல் ஓலை. எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசை நடுவில், சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று வாசிப்பார். ஏற்கெனவே கல்யாணமானவர், சொந்தத்தில் முறையில்லாதவர் என்று இருந்தால் ஊரில் யாருக்காவது தெரிந்திருக்கும், அவர்கள் சொல்வதற்காக அது. சிறு வயதிலிருந்து நூறு ஓலை கேட்டிருப்பேன். யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை.

முதல் ஞாயிறு தலையைக் குனிந்துகொண்டே கேட்டேன். இரண்டாவது ஞாயிறு என் பெயர் வந்தபோது பக்கத்தில் இருந்த பெண்கள் என் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். மூன்றாவது ஞாயிறு நான் தலை நிமிர்ந்து ஆண்கள் பக்கம் பார்த்தேன். அப்பா தூண் ஓரம் முழங்காலில் இருந்தார். தடை தெரிந்தவர்கள் என்று சாமியார் வாசித்த அந்த நேரம் அவர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்துவிடுவேனோ என்று பயந்து பார்த்த மாதிரி இருந்தது. சாரிடம் போய்ச் சொன்ன பெண் அல்லவா, இங்கேயும் எழுந்துவிட்டால்?

அவருக்குத் தடை தெரியும், நான் வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தை. எனக்கும் தெரியும். அந்தக் கோவிலில் அது எங்கள் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். யாரென்றே தெரியாத அறுநூறு மரபணுக்களுக்காக என் வாயைத் திறந்து சொல்லிவிட்டு வந்தவள் நான். சாமியார் ஓலையை மடித்தார். அடுத்த பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது நானும் அவர்களோடு எழுந்து நின்று பாடினேன்.